வெந்நீர் ஊற்றுக்குப் போன டோக்கன் பதினெட்டு

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு நின்றபோது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் சொன்ன கதை இது. குரலுக்குச் சொந்தக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு அடைத்த இடம் என்றாலே ஆகாது. குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளிக்கிற ஆள் நான் என்பது எங்கள் வீட்டின் நிரந்தர நகைச்சுவை. அப்படிப்பட்டவன் ஏழாவது மாடியில் ஏன் வீடு வாங்கினான் என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

மெக்கானிக் வந்ததும் முதலில் என்னை மூச்சுவிடச் சொன்னார். "மெயின் சுவிட்ச்ல என் பூட்ட மாட்டிட்டேன் சார். சாவி என் பாக்கெட்ல இருக்கு. நான் எடுக்காம இந்த லிஃப்டுக்கு யாராலயும் கரண்டு குடுக்க முடியாது" என்றார். கூட வேலை செய்கிறவர் இன்னொரு கட்டடத்திலிருந்து வரவேண்டுமாம். அவர் மேலே மெஷின் ரூமில் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் பெட்டி மெல்ல இறங்குமாம். அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம் என்றார். நான் பேசுகிற நிலையில் இல்லை, கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர், தானும் தன் மச்சினனும் ஒருமுறை மலைக்குப் போன விஷயத்தை ஆரம்பித்தார்.

நாற்பது நிமிடம் கேட்டேன். எப்போது கதவை அறைவதை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. கதை கழுத்தைப் பிடிக்கிற இடத்துக்கு வந்தபோது லிஃப்ட் இறங்கியது, கதவு திறந்தது, கதை நின்றுவிட்டது. மீதி எனக்குத் தெரியாது. தெரியாமலேயேதான் எழுதுகிறேன்.

2.

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"தேசியப் பூங்காவின் மலைமுகடுகளில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த இளங்காலையில்—" வேண்டாம். சுற்றுலாக் கையேட்டில் படத்துக்குக் கீழே போடுகிற வரி.

"சாவதற்கு முன் அவன் வெந்நீரில் குளித்தான்." இது வாசகரைக் காதைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கும். ஆனால் அவன் செத்தானா என்பது எனக்கே தெரியாது. தெரியாததை முதல் வரியில் வைத்துக் கைதட்டல் வாங்க மனம் வரவில்லை. [வந்தது. ஒருநாள் முழுக்க அந்த வரியை வைத்திருந்தேன்.]

"செக்போஸ்டில் ஒரு பலகை இருந்தது." இது உப்புச் சப்பில்லாத வரிதான். ஆனால் எல்லாம் அந்தப் பலகையில்தான் நடந்தது என்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

செக்போஸ்டில் ஒரு பலகை இருந்தது. அதில் நாற்பது கொக்கிகள், கொக்கிக்கு ஒரு டோக்கன், அதாவது கயிறு கோத்த வட்டத் தகடு, தகட்டில் எண். காட்டுக்குள் போகிற ஒவ்வொருவர் கையிலும் வனக்காவலர் ஒரு தகட்டைக் கொடுப்பார். திரும்பி வரும்போது அதை அவரவர் கொடுக்க வேண்டும், அது பழைய கொக்கிக்குப் போகும். ஐந்து மணிக்குப் பலகையைப் பார்ப்பார்கள். ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு ஆள் காட்டில் இருக்கிறார் என்று அர்த்தம், தேடக் கிளம்புவார்கள். பலகை நிறைந்திருந்தால் கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாற்பது தகடு கொடுத்தானதும் நாற்பத்தொன்றாவது ஆளை உள்ளே விடமாட்டார்கள்.

மெக்கானிக்குக் கிடைத்தது பதினேழு. மச்சினனுக்குப் பதினெட்டு.

3.

மச்சினனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு பாதத்தை வைத்திருப்பவன். வீட்டில் அவனுக்கு 'பிரேக்கு' என்றே பெயர். யார் எதை ஆரம்பித்தாலும் "எதுக்கு அவசரம்" என்பானாம்.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒருவர் லிஃப்ட் பாதுகாப்பு, இன்னொருவர் சாலைப் பாதுகாப்பு. இப்படி ஜோடி சேர்ந்தால் கதாசிரியன் கட்டிவிட்டான் என்பீர்கள். நான் என்ன செய்ய, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்படித்தான் வந்தது.]

மலைக்குக் கூப்பிட்டவன் மச்சினன்தான். எதற்கும் அவசரப்படாதவன் அன்று விடியும் முன்பே பயிற்சிக் காரோடு வாசலில் நின்றான். மெக்கானிக்குக்கு ஆச்சரியமாக இருந்தது. மனைவி வழக்கத்துக்கு மாறாக இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்து, "நிதானமா போயிட்டு வாங்க" என்றது இன்னும் ஆச்சரியம்.

செக்போஸ்டில் தகடு கிடைத்ததும் மச்சினன் தன்னுடையதை நீட்டினான். அரைக்கால் சட்டையில் பாக்கெட் கிழிந்திருக்கிறது, தொலைத்துவிடுவேன், உங்கள் பையிலேயே இருக்கட்டும் என்றான். மெக்கானிக் எதிலும் கச்சிதம் பார்க்கிறவர். ஒன்று கிடைத்து ஒன்று தொலையக்கூடாது என்று இரண்டு தகட்டின் கயிறுகளையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுப் பையின் உள்ளறையில் வைத்தார். கவனக்குறைவான மனிதர் யாரும் அந்த முடிச்சைப் போட்டிருக்க மாட்டார்.

அருவி வரைக்கும் ஒன்றரை மணி நேர ஏற்றம். அருவிக்குக் கீழே ஓடை. ஓடையைக் கல் விட்டுக் கல் தாண்ட வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு இரும்புச் சங்கிலி. கரையில் எச்சரிக்கைப் பலகை: தண்ணீர் கலங்கி வந்தால் கடக்காதீர்கள். அன்று காலை கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தண்ணீர் தெளிந்திருந்தது. தாண்டி இன்னும் அரைமணி நேரம் ஏறினால் வெந்நீர் ஊற்று. அங்கேயும் ஒரு பலகை: பத்து நிமிடத்துக்கு மேல் நீரில் இருக்கக்கூடாது, தனியாக இறங்கக்கூடாது, தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

மெக்கானிக் அந்த இரண்டு பலகையையும் கடைசி வரி வரை படித்தார். தொழில் அப்படி.

4.

இங்கேதான் நான் பொய் சொல்லப் போகிறேன். ஊற்றில் என்ன சண்டை என்று மெக்கானிக் சொல்லவில்லை. "ஒரு வார்த்த வந்துச்சு சார், முத்திப்போச்சு" என்றதோடு தாண்டிவிட்டார். எந்த வார்த்தை என்பது இல்லாமல் கதை நிற்காது. ஆகவே நான் ஒன்றைப் போடுகிறேன். அவர் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

பாறைக் குழியில் மார்பளவு வெந்நீர். மச்சினன் உள்ளே உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு, அக்கா வெளியூரில் வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள், அடுத்த மாதம் போகிறாள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றான். அவளே சொல்ல ஆறு தரம் முயன்றாளாம். ஆறு தரமும் இவருக்கு ஃபோன் வந்ததாம்.

மெக்கானிக்குக்குக் கால் சுட்டது. ஆனால் எடுக்கவில்லை.

"இத சொல்லத்தான் என்ன இவ்ளோ தூரம் நடக்க வச்சியா?"

"ஆமா மாமா. வீட்ல சொன்னா நீங்க ஃபோன எடுத்துக்கிட்டு வெளிய போயிடுவீங்க. இங்க சிக்னல் இல்ல."

கட்டிக்கொடுத்த சாப்பாடு, நிதானமாகப் போய்விட்டு வரச் சொன்னது, விடிவதற்குள் வந்த கார் எல்லாம் இப்போது அவருக்கு விளங்கின. ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி புருஷனுக்குத்தான் கடைசியில். அவர் எழுந்தார். மச்சினன் அப்போதாவது பிரேக்கில் காலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"ஊர்ல எவன் மாட்டிக்கிட்டாலும் ஓடிப்போய் எறக்கிவிடுறீங்க. வீட்டுக்குள்ள ஒருத்தி பதினோரு வருஷமா மாட்டிக்கிட்டு நிக்கிறா, அது உங்க காதுல விழல."

மெக்கானிக் பையை எடுத்துத் தோளில் போட்டார். இறங்கி வந்து சேர் என்றோ, வராதே என்றோ சொல்லவில்லை. மச்சினன் தண்ணீரில் இறங்கி இருபது நிமிடம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்காமலே நேரம் சொல்கிற ஆள் அவர். தெரிந்தே நடந்தார். "அதான் சார் எனக்கு" என்று ஆரம்பித்தவர், முடிக்காமலே ஓடைக்குத் தாவிவிட்டார். இந்த ஒரு வரி நான் போட்டதில்லை.

5.

இறங்கும் வழியில் முகட்டின் மேல் வானம் கறுத்துவிட்டது. அவர் நின்ற இடத்தில் மழை இல்லை. எங்கேயோ மேலே பெய்துகொண்டிருந்தது. ஓடைக்கு வந்தபோது தண்ணீர் காலையில் பார்த்த தண்ணீர் இல்லை. தேநீர் நிறத்தில் சருகும் சுள்ளியுமாக வந்தது. நடுக்கல் இரண்டு முழுகிவிட்டிருந்தன. கலங்கி வந்தால் கடக்காதே. மெக்கானிக் பலகையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், திரும்பி மேலே பார்த்தார். யாரும் வரவில்லை. பின்னாலேயே வருவான், எங்கே போய்விடப் போகிறான் என்று நினைத்தார். கோபம் இருக்கிறவனுக்கு எல்லாம் சுலபமாகத் தோன்றும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கடந்தார். நடுவில் ஒருமுறை கால் வழுக்கி இடுப்புவரை நனைந்தார். கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது, தான் கால் வைத்த கற்களும் காணாமல் போயிருந்தன.

அப்போது நின்றிருக்க வேண்டும். நின்றாரா என்று நான் கேட்டேன், லிஃப்டுக்குள்ளிருந்து. நின்றாராம், ஐந்து நிமிடம். பிறகு அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று கிளம்பிவிட்டாராம்.

இனி வனக்காவலர். ஒரு பெண். முதல் வரைவில் இவரை நான் ஃபோனில் பேசிக்கொண்டே அலட்சியமாகத் தகடு வாங்குகிறவராக எழுதினேன். பழி போட ஒரு சீருடை கிடைத்தால் எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம். மெக்கானிக் சொன்னது அப்படியில்லை. செக்போஸ்டில் அதற்குள் மழை பிடித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் சாரலுக்கு ஒதுங்கி இடித்துக்கொண்டு நின்றார்கள். மெக்கானிக்கின் முறை வந்தது. பையிலிருந்து தகடுகளை எடுத்தார். இரண்டும் சேர்ந்து வந்தன. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, விரல் விறைத்திருந்தது. பிரிக்க வரவில்லை. காவலர் கையை நீட்டி வாங்கினார். எண்ணைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த கூட்டத்தையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்தாச்சா?"

இதைவிடச் சரியாக யாரால் கேட்க முடியும்?

மெக்கானிக்கின் வாயில் அப்போது ஒரு பதில் இருந்தது. இல்லை, அவன் பின்னால் வருகிறான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் சேர்ந்து வரவில்லை? சண்டையா? என்ன சண்டை? முன்பின் தெரியாத பன்னிரண்டு பேருக்கு நடுவில், என் பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போகிறாள் என்பதன் ஒரு நுனியையாவது அவர் இழுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

"ஆமா" என்றார்.

காவலர் பதினேழையும் பதினெட்டையும் முடிச்சோடு சேர்த்து மாட்டினார்.

6.

கார் நிறுத்துமிடத்தில் பயிற்சிக் கார் நின்றது. சாவி மச்சினனிடம். மெக்கானிக் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றார். மற்றவர்களின் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. வந்ததும் என்ன சொல்லிக் கிழிப்பது என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தார். நல்ல நல்ல வசனமாக வந்தது என்றார். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

ஐந்து மணி. இரண்டு காவலர்கள் ஜீப்பில் ஏறினார்கள். அந்தப் பெண் கடைசியாக வந்து, கேட்டை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். மேலே சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் போல என்று மெக்கானிக் நினைத்தார். ஜீப் கீழே இறங்கும் சாலையில் திரும்பியது.

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு பூட்டில் இருக்கிறது. நான்கு பேர் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சுவிட்சில் நான்கு பூட்டு தொங்கும். வெளியே வருகிறவர் தன் பூட்டைத்தான் எடுக்கலாம். அடுத்தவர் பூட்டை எடுத்தால் உள்ளே இருக்கிறவர் செத்தார். கூட வேலை செய்த ஒருவர், அவசரம் என்று மற்றவருடைய பூட்டைக் கழற்றியதற்காக அவரை வேலையைவிட்டே அனுப்பவைத்தவர் இந்த மெக்கானிக். கருணை காட்டவே இல்லையாம்.

அப்போதுதான் உறைத்தது. மச்சினன் கொடுக்கவேண்டிய தகட்டை, அவன் உள்ளே இருக்கும்போது, தன் கையால் கொடுத்தாயிற்று. பலகை நிறைந்திருக்கிறது. காட்டில் யாரும் இல்லை என்று பலகை சொல்கிறது, பூட்டு சொல்கிறது, ஜீப் சொல்கிறது. அந்த மலையில் ஒரு ஆள் இருப்பது உலகத்தில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபோனை எடுத்தார். சிக்னல் இல்லை, காட்டியது நேரம் மட்டும். ஐந்து பத்து.

இரண்டு வழி இருந்தது. கேட்டைத் தாண்டி மேலே ஓடலாம். ஒன்றரை மணி நேரம், வெளிச்சம் அதுவரை தாங்காது. போய்ச் சேர்ந்தாலும் நடுவில் ஓடை. இல்லையென்றால் சாலையில் கீழே ஓடலாம். வனத்துறை அலுவலகம் நாலு கிலோமீட்டர். கயிறு இருக்கும், ஆள் இருக்கும். ஆனால் அரைமணி நேரம் மச்சினனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

"கேட்டப் பிடிச்சு ஒரு கால மேல வச்சேன் சார்—"

தலைக்கு மேல் ஏதோ கிறீச்சிட்டது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் அலறினேன். லிஃப்ட் இறங்கியது.

7.

சரி, முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் மெக்கானிக் மேலே ஓடுகிறார். ஓடையின் அந்தக் கரையில் மச்சினன் நிற்கிறான். நடுவில் தண்ணீர் பாறையைப் புரட்டிக்கொண்டு போகிறது. இவர் கத்துவது அவனுக்குக் கேட்கவில்லை, அவன் கத்துவது இவருக்குக் கேட்கவில்லை. இவர் கையை ஆட்டி, ஊற்றுக்குத் திரும்பிப் போ, அங்கே சூடாக இருக்கும் என்கிறார். அவனுக்குப் புரிகிறது. இந்த முடிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அழகாக இருக்கிறது, அதனால்தான் நம்ப முடியவில்லை என்றாள்.

இரண்டாவதில் கீழே ஓடுகிறார். அலுவலகத்தில் அந்தப் பெண் காவலர் நனைந்த மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் சொல்கிறார். அவர் நம்பவில்லை. "போர்டு ஃபுல்லா இருக்கே சார். நான் உங்கள கேட்டேனே." நம்பவைக்க, ஏன் பொய் சொன்னேன் என்பதை அவர் சொல்லியாக வேண்டும். வாசலில் பன்னிரண்டு பேருக்குப் பயந்து சொல்லாததை இங்கே ஒரு அறை முழுக்க இருந்தவர்களிடம் சொல்கிறார், மனைவி, பெண், வேலை, ஆறு ஃபோன், ஒன்று விடாமல். இதில் மச்சினன் பிழைத்தானா என்று எழுதவில்லை. எழுதவரவில்லை.

மூன்றாவது இப்படித் தொடங்குகிறது: "மறுநாள் காலை தண்ணீர் வடிந்தபோது ஓடையில் இரண்டாவது வளைவில்—"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

8.

ஒன்றை மறைத்துவிட்டேன். கதவு திறந்ததும் கதை நின்றது என்றேன் அல்லவா? கதவு திறந்ததற்கும் அவர் போனதற்கும் நடுவில் இரண்டு நிமிடம் இருந்தது.

கதவைத் திறக்கும் முன் அவர் என்னிடம் உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். அதற்கு முன்பும் இரண்டு தரம் கேட்டிருந்தார், இரண்டு தரமும் சொல்லியிருந்தேன். கதவு திறந்தது. கை கொடுத்து வெளியே இழுத்து, என்னைப் படியில் உட்காரவைத்தார். நான் நினைத்ததைவிட ஒல்லியான ஆள், காதோரம் நரை. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறினார். ஆறு பேர் நின்றால் மூச்சுமுட்டுகிற பெட்டி. ஒரு பூனைகூட ஒளிய முடியாது. அவர் நான்கு மூலையிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். வெளியே வந்து மேலே இருந்தவருக்குக் குரல் கொடுத்தார், உள்ளே யாரும் இல்லை, நான் பார்த்துவிட்டேன் என்று.

நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன், தனியாக இருந்தேன் என்று மூன்று தரம் சொன்னேனே என்று.

"சொன்னீங்க சார். ஆனா நான் பாக்கணும்."

கேட்டில் கால் வைத்தீர்களே, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். ஃபோன் அடித்தது. வேறு கட்டடத்தில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறாராம். மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடியே இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார்.

மச்சினனை மீட்டுக் கொண்டுவந்த ஒருவரும் அப்படித்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார். மீட்க முடியாமல் போன ஒருவரும் அப்படித்தான் பார்ப்பார். என்னைச் சமாதானப்படுத்த அவர் சொன்னது குடும்பமே சொல்லிச் சிரிக்கிற பழங்கதையா, இல்லை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முகம் தெரியாத ஒருவனிடம் கதவின் மறைவில் இறக்கிவைத்தாரா? எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்றால், அதைக் கேட்டுத்தான் எனக்குப் படபடப்பு அடங்கியது என்பதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எதற்கு என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன்.

அவருடைய எண் எங்கள் லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்க உள்ளே போக வேண்டும், நான் இரண்டு மாதமாகப் படியில்தான் ஏறுகிறேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் உள்ளே போய் அழையுங்கள். எடுத்ததும் உள்ளே எத்தனை பேர் என்றுதான் கேட்பார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.